கேளுங்கள் டீச்சரை: பள்ளியை விட்டுக் கிளம்பும் பிள்ளைகள்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருந்தன. சிங்கப்பூரில் உயர்நிலை நான்கு, ஜேசி (தொடக்கக் கல்லூரி) இரண்டாம் ஆண்டு, ஐடிஇ (தொழில்நுட்பக் கல்விக் கழகம்) என்று படிப்பின் ஏதோ ஒரு கட்டத்தை முடிக்கப்போகும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் எழுதியிருக்கிறார்கள். நான் எப்படிப்பட்ட ஆள், இத்தனை வருடம் என்ன செய்தேன், இனி என்ன செய்யப்போகிறேன் என்று எங்கேயாவது எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது, அங்கேதான் எல்லோருக்கும் கை நின்றுவிடுகிறது. மற்ற கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களைப் போடவில்லை.

மகள் ஜேசி இரண்டாம் ஆண்டு. பள்ளி ஆண்டு மலருக்கு ஒவ்வொருவரும் தன்னைப் பற்றி ஐந்தாறு வரி எழுதித் தர வேண்டுமாம். குணம், சிசிஏ (இணைப்பாட நடவடிக்கை), எதிர்கால ஆசை மூன்றும் வர வேண்டும். இவள் நாள்கணக்காக வெறும் தாளைப் பார்த்துக்கொண்டு, "நான் சாதாரணப் பொண்ணும்மா, எழுத ஒண்ணும் இல்ல" என்கிறாள். நானே எழுதிக் கொடுத்துவிடலாமா? (ஒரு தாய், ஈசூன்)

வேண்டாம்மா. நீங்கள் எழுதினால் அதில் உங்கள் மகள் இருப்பாள், அவள் இருக்கமாட்டாள். வீட்டில் நீங்கள் பார்ப்பது ஒரு பாதிதான். காலை ஏழரைக்குக் கொடியேற்றத்துக்கு நிற்பதிலிருந்து மாலை சிசிஏ முடிந்து பஸ் ஏறும்வரை அவள் வாழும் மறுபாதி உங்களுக்குத் தெரியாது, அது தெரியாமல் இருப்பதில் தப்பும் இல்லை.

ஆனால் உதவலாம். நான் ஜேசியில் ஆசிரியராக இருந்தபோது ஆண்டு மலரின் தமிழ்ப் பக்கங்களைத் திருத்தும் வேலை என்னிடம்தான் வரும். கடின உழைப்பாளி, எல்லோரிடமும் நட்பாகப் பழகுபவர், சவால்களை விரும்புபவர் என்று வரிசையாக வரும். பொய் என்று சொல்லவில்லை. யாருடைய படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்துகிறது, அதனால் யாரையும் காட்டுவதில்லை, அவ்வளவுதான். ஒரு வருடம் ஒரு மாணவி இப்படித்தான் வந்து நின்றாள். பூப்பந்துக் குழுவில் இருந்தாள், பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒருமுறைகூடத் தேர்வாகவில்லை, எழுத எதுவும் இல்லை என்றாள். பயிற்சி முடிந்ததும் என்ன செய்வாய் என்று கேட்டேன். பந்துகளைப் பொறுக்குவேன் என்றாள். எப்படி என்று கேட்டால், இறகு உடைந்ததை ஒரு குழாயில், இன்னும் அடிக்கலாம் என்று இருப்பதை இன்னொரு குழாயில், புதிது வேறு குழாயில், அப்போதுதான் மறுநாள் வருகிறவர்கள் உடைந்த பந்தை எடுத்துப் பயிற்சியைக் கெடுத்துக்கொள்ளமாட்டார்கள் என்று சாதாரணமாகச் சொல்கிறாள். யாரும் செய்யச் சொல்லவில்லையாம். இதைத்தான் எழுதச் சொன்னேன். மலர் வந்தபோது அவள் தோழிகள் அந்த வரியைத்தான் ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள்.

அதனால் மகளிடம் உட்கார்ந்து கேளுங்கள். சிசிஏயில் நீ வராத நாளில் எந்த வேலை நின்றுபோகும்? யார் உன்னிடம் எதைக் கேட்டு வருவார்கள்? பாடத்தில் இல்லாத எதை நீயாகத் தேடிப் படித்தாய்? பதிலைச் சொல்லும்போது அவள் வாயிலிருந்து வருவதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், மெருகு ஏற்ற வேண்டாம். எதிர்கால ஆசைக்கு ஒரு பட்டத்தின் பெயர் வேண்டும் என்றும் இல்லை. "வயசானவங்களோட இருக்கிற மாதிரி ஒரு வேலை" என்று எழுதினால் அதுவே முழுப் பதில்தான்.

யார் கேட்டாலும் என் மகன் "தெரியாது" என்கிறான். தீபாவளிக்கு வந்த என் அண்ணன் கேட்டபோதும் அதே பதில். அண்ணன் மகனோ மருத்துவம் என்று உறுதியாக இருக்கிறான். எனக்குத் தலைகுனிவாக இருக்கிறது. (ஒரு தந்தை, ஜூரோங் வெஸ்ட்)

ஐயா, முதலில் இதில் தலைகுனிய எதுவும் இல்லை. பதினெட்டு வயதில் தெரியாததைத் தெரியாது என்று பெரியப்பா முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கு ஒரு நேர்மை வேண்டும். வாய்க்கு வந்த ஒரு தொழிலைச் சொல்லிவிட்டுத் தப்பித்திருக்கலாம், அவன் அப்படிச் செய்யவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். கல்வி அமைச்சே இந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் இடம் விட வேண்டும் என்றுதான் கணக்கை மாற்றியிருக்கிறது. 2026 பல்கலைக்கழகச் சேர்க்கையிலிருந்து, ஜேசி முடிவில் ஏ நிலைத் தேர்வு எழுதும் மாணவர்களின் சேர்க்கைப் புள்ளிகளின் உச்சம் 90இலிருந்து 70 ஆகிவிட்டது. எச்2 என்ற முக்கியப் பாடங்கள் மூன்றுக்கு 60, ஆங்கிலத்தில் எழுதும் பொதுத்தாளுக்கு 10. நான்காவது பாடமும் தாய்மொழியும் புள்ளியைக் கூட்டினால் மட்டும் சேர்த்துக்கொள்வார்கள், கூட்டாவிட்டால் விட்டுவிடுவார்கள். பிராஜெக்ட் ஒர்க் என்ற திட்டப்பணியில் பாஸ் ஆனால் போதும். இந்த மாற்றத்தால் மிச்சமாகும் நேரத்தில் பிள்ளை தனக்கு எது பிடிக்கிறது என்று தேடிப் பார்க்கட்டும் என்பதுதான் நோக்கம், ஆனால் வீட்டில் நாம் அந்த நேரத்தையும் இன்னொரு டியூஷனால் நிரப்பிவிட்டு, உனக்கு என்ன பிடிக்கும் என்று அவனையே கேட்டால் அவன் என்ன சொல்வான்?

சேரும்போதே எல்லாம் முடிவாகிவிட வேண்டும் என்பதும் இப்போது இல்லை. என்யுஎஸ்ஸில் (சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம்) கலைப் பிரிவையும் அறிவியல் பிரிவையும் சேர்த்து, 2021இல் முதல் மாணவர்களை எடுத்த கல்லூரி இருக்கிறது. அங்கே இரண்டு பக்கமும் கொஞ்சம் படித்துப் பார்த்துவிட்டு முதன்மைப் பாடத்தைப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். பள்ளியில் கல்வி, வேலை வழிகாட்டி ஆலோசகர் இருப்பார், மகனைத் தனியாகப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், நீங்கள் கூடப் போக வேண்டாம். பல்கலைக்கழகங்கள் பொது வரவேற்பு நாள் வைக்கும்போது மட்டும் சேர்ந்து போங்கள். அங்கே எந்தக் கூடத்தில் அவன் நின்று கேள்வி கேட்கிறான், எதைக் கடந்து போகிறான் என்று பார்த்தாலே உங்களுக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

அண்ணன் அடுத்த தீபாவளிக்கும் கேட்பார். அப்போது, "பார்த்துக்கிட்டு இருக்கான் அண்ணே, அவசரமில்ல" என்று மகன் காதில் விழுகிற மாதிரி நீங்களே சொல்லிவிடுங்கள். அவனுக்கு அது பெரிய விஷயம்.

உயர்நிலை நான்கு படிக்கிறேன், தேசிய மாணவர் படையில் நான்கு வருடம். என் செட்டில் பலர் தலைமைப் பொறுப்புக்குப் போய்விட்டார்கள், எனக்குக் கிடைக்கவில்லை. ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் வேலை மட்டும். பாலிக்கு (பலதுறைத் தொழிற்கல்லூரி) இஏஇ என்ற முன்கூட்டிய சேர்க்கை வழியாக விண்ணப்பிக்க ஆசை, லாஜிஸ்டிக்ஸ் படிக்க விருப்பம். பதவியே இல்லாத நான் என்ன எழுதுவது? (மாணவர், சுவா சூ காங்)

தம்பி, ஸ்டோரை நான்கு வருடம் பார்த்துக்கொண்டவன் லாஜிஸ்டிக்ஸ் படிக்க விண்ணப்பிக்கிறான், இதைவிட நேரான விண்ணப்பம் என்ன இருக்க முடியும்? நீயே கேள்வியில் பதிலை எழுதிவிட்டு "மட்டும்" என்ற சொல்லைப் போட்டு மறைத்துவிட்டாய்.

இஏஇ என்பதே மதிப்பெண்ணுக்கு முன்னால் அந்தத் துறைக்கு உனக்கு நாட்டமும் திறமையும் இருக்கிறதா என்று பார்க்கும் சேர்க்கை. நேர்காணலில் உட்காருபவர்களுக்கு உன் தோளில் எத்தனை பட்டை என்பது முக்கியமில்லை. முகாமுக்குப் போகும்போது எத்தனை கூடாரம் வெளியே போனது, எத்தனை ஈரமாகத் திரும்பி வந்தது, ஈரத்தோடு மடித்து வைத்தால் பூஞ்சை பிடிக்கும் என்று தெரிந்து எங்கே காயவைத்தாய், அடுத்த முகாமுக்கு முளைக்குச்சி குறைகிறது என்று எப்போது கண்டுபிடித்தாய், யாரிடம் சொன்னாய், அவர் கேட்காதபோது என்ன செய்தாய், இதையெல்லாம் நீ சொன்னால் எதிரே இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார். ஒரே ஒரு முகாமை எடுத்துக்கொள். சாமான் கிளம்பிய நாள் முதல் திரும்பி அலமாரிக்குள் போனவரை எழுது. நான்கு வருடத்தையும் சுருக்கி எழுதப் பார்த்தால் ஒன்றும் தெரியாது.

சிசிஏ புள்ளிக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தப் புள்ளியைக் கணக்கிடும் லீப்ஸ் முறையில் தலைமைத்துவம் என்பது நான்கு பிரிவுகளில் ஒன்றுதான், பங்கேற்பு, சாதனை, சேவை மற்ற மூன்றும். நான்கு வருடம் விடாமல் இருந்ததற்கே அதில் இடம் உண்டு.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. இஏஇயில் இடம் கிடைத்தாலும் அது நிபந்தனையோடுதான், உயர்நிலைப் படிப்பின் முடிவில் எழுதும் ஓ நிலைத் தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை எட்ட வேண்டும். இடம் உறுதியாகிவிட்டால் ஜனவரியில் முடிவு வந்த பிறகு நடக்கும் பொதுச் சேர்க்கையில் கலந்துகொள்ள முடியாது. ஆகவே லாஜிஸ்டிக்ஸ்தான் என்று மனது சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்.

மகளின் விண்ணப்பக் கட்டுரையைச் சாட்ஜிபிடியில் எழுத வைத்தால் என்ன? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்களாம். (ஒரு தந்தை, செங்காங்)

எழுதியபின் இலக்கணம் பார்க்கப் பயன்படுத்தட்டும். எழுதவே விட்டால் நேர்காணலில் மாட்டிக்கொள்வாள், ஏனென்றால் அங்கே அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டுதான் கேட்பார்கள். "இந்த அனுபவம் உன்னை ஆழமாகப் பாதித்தது என்று எழுதியிருக்கிறாயே, அன்றைக்கு என்னம்மா நடந்தது?" என்று ஒருவர் கேட்டால், தான் எழுதாத வரிக்கு அவள் எங்கிருந்து பதில் கொண்டுவருவாள்?

மகன் ஏ நிலை முடித்ததும் என்எஸ் (தேசிய சேவை) போகிறான். இரண்டு வருடத்தில் படிக்கும் ஆசையே போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது. இப்போதே விண்ணப்பிப்பதா, முடித்துவிட்டா? (ஒரு தாய், பிடோக்)

இப்போதே. பிப்ரவரி கடைசி வாக்கில் முடிவு வரும்போது அவன் பெரும்பாலும் சீருடையில்தான் இருப்பான், விண்ணப்பிக்க மார்ச் நடுப்பகுதியைத் தாண்டி அதிக நாள் கிடைக்காது, அதனால் எந்தத் துறை என்பதை முகாமுக்குப் போகும் முன்பே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள். இடம் கிடைத்தால் பல்கலைக்கழகம் அதை அவன் சேவை முடியும்வரை வைத்திருக்கும். நடுவில் மனம் மாறினால் அதே முடிவுகளை வைத்து வேறு துறைக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் வழியுண்டு, பழைய இடம் என்ன ஆகும் என்று மட்டும் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

மனம் மாறுவதைப் பற்றிப் பயப்படாதீர்கள். 1967இலிருந்து இந்த ஊர்ப் பையன்கள் இதைக் கடந்துதான் வருகிறார்கள். தெக்கோங் தீவின் பயிற்சி முகாமில் ஒரே அறையில் ஐடிஇ பையன், பாலி பையன், வேறு மொழி, வேறு வீடு என்று கலந்து கிடக்கும்போது தன்னைப் பற்றித் தெரியாத பல விஷயங்கள் அவனுக்கே தெரியவரும். போகும்போது இருந்த ஆசை திரும்பும்போது வேறாக இருந்தால் அது இன்னும் யோசித்து வந்த ஆசையாக இருக்கும்.

சிமெய் ஐடிஇயில் தாதிமை படிக்கிறேன் டீச்சர், இந்த வருடம் முடிக்கிறேன். நம் நிகழ்ச்சிகளில் மேடை ஏற்றுவதும் பத்திரிகையில் படம் போடுவதும் ஜேசிப் பிள்ளைகளைத்தான். சொந்தக்காரர்கள், "ஓ, ஐடிஇயா" என்று கேட்டுவிட்டுப் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மருத்துவமனைப் பயிற்சியில் தமிழ் மட்டும் தெரிந்த ஒரு பாட்டிக்கு நான்தான் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னேன், அன்றைக்கு வீட்டுக்கு வந்து யாரிடமும் சொல்லவில்லை. எனக்கும் கனவு இருக்கிறது. (மாணவி, தெம்பனிஸ்)

கண்ணு, உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்குக் கோபம் வந்தது. உன்மேல் இல்லை. நீ வீட்டுக்கு வந்து சொல்ல ஆளில்லாமல் படுத்துக்கொண்டாயே, அதற்கு.

அந்தப் பாட்டியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கிறேன். சுற்றி எல்லோரும் ஆங்கிலத்திலும் மாண்டரினிலும் பேசுகிறார்கள், ரத்தம் எடுக்க வருகிறார்கள், எதற்கு என்று தெரியாது, பிள்ளைகள் வேலைக்குப் போயிருப்பார்கள், மாலைதான் வருவார்கள். அந்த நேரத்தில் ஒரு சின்னப் பெண் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து, "பாட்டி, ஒரு பக்கமா திரும்பிப் படுத்துக்கலாமா, முதுகு புண்ணாகாம இருக்கும்" என்று தமிழில் சொன்னால் அந்த அம்மாவுக்கு எப்படி இருந்திருக்கும். இதைப் பாடப்புத்தகத்திலிருந்து மட்டும் கற்றுக்கொள்ள முடியாது. படுக்கையில் கிடப்பவரை இருவர் சேர்ந்து வலிக்காமல் புரட்டுவதும், புரட்டும்போது அவர் கூச்சப்படாமல் போர்வையைச் சரிசெய்வதும் உன் கைக்குப் பழகியிருக்கும். நம் வீடுகளில் வயதானவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள், உன்னைப் பார்த்துப் பேச்சை மாற்றுகிற சொந்தக்காரர் வீட்டிலும்தான்.

உன் கனவு என்ன என்று நீ எழுதவில்லை, ஆனால் வழிகளைச் சொல்கிறேன். ஐடிஇ முடித்து வேலையில் சேரலாம், தகுதி இருந்தால் நன்யாங் பாலியிலோ நீ ஆன் பாலியிலோ தாதிமைப் பட்டயம் படிக்கலாம், அதற்கு மேலே என்யுஎஸ், எஸ்ஐடி என்ற இரண்டு பல்கலைக்கழகங்களிலும் தாதிமைப் பட்டப்படிப்பு இருக்கிறது. வேலை பார்த்துக்கொண்டே மருத்துவமனையின் ஆதரவோடு மேலே படிக்கும் வாய்ப்பும் உண்டா என்று உன் பயிற்சி மேற்பார்வையாளரிடம் கேள், வெட்கப்படாதே. எந்த நேர்காணலானாலும் அந்தப் பாட்டியைப் பற்றிச் சொல், அவர் பெயரும் நோயும் மட்டும் வெளியே வராமல் பார்த்துக்கொள்.

அப்புறம், எங்கள் ஆசிரியர் குழுவுக்கு இங்கேயே எழுதிவிடுகிறேன். படித்து முடிக்கும் பிள்ளைகளைப் பற்றி அடுத்து சிறப்புப் பக்கம் போடும்போது ஐடிஇ, பாலி மாணவர்களுக்குச் சம இடம் வேண்டும். சமையல், மின்னியல், வாகனப் பழுதுபார்ப்பு, தாதிமை என்று ஒவ்வொன்றிலும் நம் பிள்ளைகள் இருக்கிறார்கள். மேடை போடும் சமூக அமைப்புகளையும் இதையே கேட்டுக்கொள்கிறேன்.

வகுப்பு மலரில் போட வாக்கெடுப்பு நடத்தி எனக்கு "வாய் திறக்காதவர்" என்று பட்டம் கொடுத்துவிட்டார்கள். எனக்குச் சட்டம் படிக்க ஆசை. இதைப் பார்த்தபிறகு நாம் எதற்கு ஆசைப்படுகிறோம் என்று தோன்றுகிறது. (ஜேசி மாணவி, உட்லண்ட்ஸ்)

முதல் காரியம், அந்தப் பட்டம் உனக்கு வலிக்கிறது என்றால் மலருக்குப் பொறுப்பான ஆசிரியரிடம் போய் எடுக்கச் சொல். விளையாட்டுக்குத்தான் போட்டார்கள் என்று சொல்வார்கள், இருக்கட்டும், அச்சில் வந்தபிறகு அது உன் பக்கத்தில் நிற்கும், அவர்கள் பக்கத்தில் இல்லை.

சட்டத்துக்கு வருவோம். இங்கே என்யுஎஸ், எஸ்எம்யு, எஸ்யுஎஸ்எஸ் என்ற மூன்று பல்கலைக்கழகங்களிலும் சட்டம் படிக்கலாம். என்யுஎஸ்ஸில் முதல் கட்டத்தில் தேர்வானவர்களுக்கு எழுத்துத் தேர்வும் நேர்காணலும் உண்டு. எழுத்துத் தேர்வில் பேச வேண்டியதில்லை, கொடுத்ததை நிதானமாகப் படித்து யோசித்து எழுத வேண்டும், அது அதிகம் பேசாதவர்களுக்கு இயல்பாக வரும் வேலை. சட்டத் தொழிலே பெரும்பாலும் படிப்பதும் எழுதுவதும்தான், ஒப்பந்தத்தில் ஒரு வரி எங்கே இடிக்கிறது என்று கண்டுபிடிக்கிறவர் நீதிமன்றப் படி ஏறாமலேகூடப் பல வருடம் வேலை பார்க்கலாம்.

நேர்காணலுக்குப் பேசிப் பழகத்தான் வேண்டும், அதில் சலுகை இல்லை. தினமும் ஒரு செய்தியை எடுத்து, உன் தரப்பு என்ன, எதிர்த்தரப்பு என்ன சொல்லும் என்று வீட்டில் யாரிடமாவது வாய்விட்டுச் சொல், தாத்தாவிடமாவது சொல். விடுமுறையில் ஒரு காலை ஹேவ்லாக் ஸ்குவேரில் இருக்கும் அரசு நீதிமன்றங்களுக்குப் போ. பெரும்பாலான விசாரணைகளைப் பொதுமக்கள் உட்கார்ந்து பார்க்கலாம், போனை அணைத்துவிட்டு அமைதியாக இருக்க வேண்டும், அவ்வளவே. வழக்கறிஞர்களில் பலர் எவ்வளவு மெதுவாக, எவ்வளவு குறைவாகப் பேசுகிறார்கள் என்று பார்.

எச்2 தமிழ் மொழியும் இலக்கியமும் எடுத்திருக்கிறேன். தமிழில் எழுதுவதுதான் எனக்குப் பிடிக்கும். ஆனால் பிடித்ததை வைத்துக்கொண்டு பிழைக்க முடியுமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். (மாணவர், தோ பாயோ)

முடியும். தமிழ் இங்கே அதிகாரத்துவ மொழி, ஆகவே அதைச் சரியாக எழுதத் தெரிந்தவருக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது. பள்ளிகளுக்குத் தமிழாசிரியர் வேண்டும், அமைச்சுகளின் அறிவிப்புகளைத் தமிழாக்க ஆள் வேண்டும், நாடாளுமன்றத்தில் உடனடி மொழிபெயர்ப்பு நடக்கிறது, வசந்தம் தொலைக்காட்சி, ஒலி 96.8 வானொலி, தமிழ் முரசு நாளிதழ் இருக்கின்றன. எஸ்யுஎஸ்எஸ்ஸில் தமிழ் மொழி, இலக்கியப் பட்டப்படிப்பு இருக்கிறது. ஆனால் ஒன்று, இந்த எல்லா வேலைகளிலும் ஆங்கிலமும் அதே அளவுக்குக் கூர்மையாக இருக்க வேண்டும், பொதுத்தாளை அலட்சியம் செய்துவிடாதே.

எழுதுவதை வேலை கிடைக்கும்வரை தள்ளிப்போடவும் வேண்டாம். 1950களில், தமிழ் முரசை நிறுவிய கோ. சாரங்கபாணி அதில் மாணவர் மணிமன்றம் என்று ஒரு பக்கத்தைத் தொடங்கினார். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய பக்கம் அது, பிற்காலத்தில் இந்த ஊரில் எழுத்தாளர்களாகத் தெரிந்த பலர் அங்கே பெயரை அச்சில் பார்த்துத்தான் தொடங்கினார்கள். அவர்களில் பலர் பகலில் வேறு வேலை பார்த்தவர்கள். இப்போதும் ஏப்ரல் மாதம் தமிழ் மொழி விழா வந்தால் நூலகத்திலும் சமூக மன்றத்திலும் கதைப் போட்டி, பேச்சு, நாடகம் என்று வரிசையாக நடக்கும், தேர்வைக் காரணம் காட்டாமல் ஒன்றிலாவது கலந்துகொள்.

நீ எழுதியது ஏதாவது கையில் இருந்தால் எங்கள் இளையர் பக்கத்துக்கு அனுப்பு. கதை என்றால் இரண்டு பக்கத்துக்குள் இருக்கட்டும், உன் புளோக்கில், உன் கல்லூரியில் நடப்பதாக இருந்தால் இன்னும் நல்லது. நான் படித்துவிட்டு எங்கே தேறியிருக்கிறது, எங்கே தேறவில்லை என்று எழுதி அனுப்புகிறேன்.